கூண்டு சாய்ந்த திசை

கொளிஞ்சிப்புதூரில் யாரிடமாவது வழி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். பழைய ஜின்னிங் மில்லின் புகைக்கூண்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்ட பிறகுதான் கை நீளும். கூண்டுக்கு வடக்கால போங்க, கூண்டத் தாண்டி ரெண்டாவது சந்துங்க. வீரபாண்டியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொன்னதே இல்லை. 'கூண்டு' என்பான்; பாதி பஸ் இறங்கும்.

வேறு அடையாளங்களும் ஊருக்கு இருந்தன. நாலு கால் தண்ணீர்த் தொட்டி, கூரை போன டாக்கீஸின் திரைச் சுவர், ஓடைக்கரையில் வரிசையாக இருந்த சாயத் தொட்டிகள். இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். பத்துப் பதினாலு வருஷத்தில் ஒவ்வொன்றாகத் தரையோடு தரையாகப் போயின. எல்லாவற்றையும் உடைத்தவன் ஒரே ஆள், சோணைமுத்து. ஊர்க்குழந்தைகள் சோறு உண்ண மறுத்தால், சோணை சம்மட்டியோடு வருகிறான் என்று சொல்லி வாயைத் திறக்க வைப்பார்கள்.

அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. மானாமதுரைக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். இருபத்து மூன்று வயதில், மடையை யார் முதலில் திறப்பது என்று கிளம்பிய தகராறில் பெரியப்பா மகனின் தலையில் மண்வெட்டிக் காம்பால் அடித்தான். ஒரே அடி. விழுந்தவன் பிழைத்துக்கொண்டான், இடது கண் மட்டும் பிறகு திறக்கவில்லை. பதினோரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தபோது, ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அவன் கையைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. மனைவி மூக்கம்மாளையும் அவள் தம்பி வீரணனையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

மண்ணரையில் ஒற்றை அறையில் ஒரு வருஷம் கிடந்தார்கள். பிறகு கொளிஞ்சிப்புதூர். மில்லின் மேற்கு மதிலை ஒட்டிப் பதினாலு லைன் வீடுகள், அதில் நடுவீடு அவர்களுக்கு. ஆண்கள் இருவரும் சாயப்பட்டறைக்குப் போனார்கள். மூக்கம்மாள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனாள்.

ஊர் மாறியும் கை அடங்கவில்லை. முதல் தீபாவளிக்குள் பட்டறை மேஸ்திரிக்கு ஒரு பல் போயிருந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவன் காலை மிதித்துவிட்டுச் சிரித்தான் என்பதற்காக அவன் மூக்கெலும்பு போனது. ஒரு நாள் மூக்கம்மாளையும் அடித்தான். எதற்கென்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. அடி விழுந்த காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு எழுந்தவள், இடுப்பில் செருகியிருந்த பிசிறுக் கத்தரியை உருவி அவன் வலது உள்ளங்கையில் இறக்கினாள். கத்தரி பின்புறம் எட்டிப் பார்த்தது.

"இந்தக் கைதான" என்றாள். அவ்வளவுதான்.

ரத்தம் சோற்றுத் தட்டில் சொட்டியது. பழைய பனியனைக் கிழித்துக் கட்டுப்போட்டதும் அவள்தான். அதன்பின் அவள் மேல் அவன் கை நீண்டதில்லை. வெளியே நீண்டுகொண்டுதான் இருந்தது.

சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த வருஷம், ஊரே வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. ஓடைக்கரைத் தொட்டிகளை இடிக்க ஆள் தேடினான் கன்னையன். உள்ளூர்க் காண்ட்ராக்டர், யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டான், கூலியைக் குறைக்கும்போது இரண்டு 'ங்க' போடுவான். சோணைமுத்து சம்மட்டியை வாங்கி முதல் தொட்டியின் சுவரில் ஓங்கிப் போட்டான். வருஷக்கணக்காகச் சாயம் குடித்த காங்கிரீட், அடித்த இடமெல்லாம் சிவப்பாகக் கசிந்தது. சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை சிவந்து வீட்டு வாசலில் நின்றவனைக் கண்டு மூக்கம்மாள் அதை ரத்தம் என்றே நினைத்தாள். இந்தத் தடவை யார் என்று கேட்டாள். தொட்டி என்றான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடிப்பதற்குக் கூலி கிடைக்கும் என்று அதுவரை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அன்று முதல் மனிதர்கள் மேல் விழ வேண்டியது சுவர்கள் மேல் விழுந்தது. டாக்கீஸின் திரைச் சுவர் நாலு நாளில் போனது. போகும்போது அவன் விலாவில் இரண்டு எலும்பையும் கொண்டு போனது. மூன்று வாரம் மூச்சை எண்ணி எண்ணி விட்டான். பஸ் நிறுத்தத்துக் கல்மண்டபம், மைதானத்துக் காரை மேடை எல்லாம் அவன் கையால்தான் போயின. வேலையில்லாத நாளில் யாரோடாவது சண்டைக்கு நின்றான் என்றால், கன்னையனுக்கு ஆள் அனுப்பி ஏதாவது சுவர் இருந்தால் கொடுங்கள் என்று மூக்கம்மாளே கேட்பாள்.

தண்ணீர்த் தொட்டியில்தான் வீரணன் போனான்.

தொட்டிக்கு நாலு கால். ஒவ்வொரு காலையும் சுத்தியலால் தட்டி, எங்கே கம்பி தின்றுபோயிருக்கிறது, எங்கே உள்ளே பொக்கை விழுந்திருக்கிறது என்று சத்தத்தில் பிடித்த பிறகுதான் எந்தக் காலை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று காலைச் சோணைமுத்து தட்டினான். நாலாவதைத் தான் பார்த்துவிட்டதாகவும் நன்றாக இருப்பதாகவும் வீரணன் சொன்னான். அந்த நாலாவது கால், யாரும் தொடாமலே, முதல் காலில் விழுந்த பத்தாவது அடிக்கு மடங்கியது. வீரணன் அதன் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஜாக்கி வைத்துப் பலகைக் காங்கிரீட்டைத் தூக்கியபோது இடுப்புக்கு மேலே ஆள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கையில் தீப்பெட்டி நசுங்காமல் இருந்தது.

மூக்கம்மாள் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள், நாலு காலையும் நீங்கள் தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மூன்றுதான் பார்த்தேன் என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அதிலிருந்து சோணைமுத்து அடுத்தவர் வார்த்தையில் ஒரு செங்கல்லைக்கூட எடுத்ததில்லை. கயிறா, தானே தொங்கிப் பார்ப்பான். சாரமா, தானே ஏறிக் குதிப்பான். உடைக்க வேண்டிய சுவரை ஒரு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பான். கன்னையன் சலித்துக்கொள்வான். கேட்டால், சத்தம் எனக்குப் பிடிபட வேண்டும் என்பான்.

போன வருஷம் கூண்டின் முறை வந்தது. மில் நிலத்தை யாரோ தையல் ஷெட் போட வாங்கியிருந்தார்கள். ஐப்பசி மழையில் இடி விழுந்து கூண்டின் நெற்றியில் விரிசல் ஓடியிருந்தது. நூற்றுப்பத்து அடி. கிழக்கே கரண்ட் கம்பியும் ரோடும். தெற்கே குடோன். மேற்கே அறுபது அடியில் பதினாலு லைன் வீடுகள். வடக்கே மட்டும் மில்லின் காலி வளவு. அது சாய வேண்டியது அந்த ஒரு திசையில்தான்.

கன்னையன் லைன் வீட்டு வாசலுக்கே வந்தான். "ஏனுங்க சோணை, சாச்சுப்போடலாமுங்களா?"

மூன்று நாள் கூண்டைச் சுற்றிச் சுற்றித் தட்டிய பிறகு, சாய்க்கலாம் என்றான் சோணைமுத்து. லைன் வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கடைசி வீட்டு மருதாளுக்கு அந்த ஓட்டுக்கூரையைத் தவிர வேறு நாதியில்லை. எதிர்த்துப் பேசவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஊடு போச்சுன்னா நாங்க எங்கீங்க போறது?"

"ஒரு ஓடு உடைஞ்சாலும் என்னய வந்து கேளுங்கக்கா" என்றான்.

பதினாலு குடும்பமும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுதான் கலைந்தது.

கூண்டு சாய்க்க அவன் ஒரு முறை வைத்திருந்தான். பட்டறைக் கூண்டு ஒன்றை முன்பு அப்படிச் சாய்த்திருக்கிறான். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் அடியில் செங்கல்லைப் பேர்த்து வாய் திறக்க வேண்டும். ஒரு முழம் பேர்த்ததும் அந்த இடத்தில் பனங்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். இப்படியே அடிவட்டத்தில் பாதிக்கு மேல் வாய் திறந்து, ஏழு முட்டில் கூண்டை நிறுத்திவிட்டு, முட்டுகளில் பனியன் கம்பெனிக் கழிவுத் துணியான வேஸ்ட்டைச் சுற்றி டீசல் ஊற்றித் தீ வைக்க வேண்டும். ஏழும் ஒன்றுபோல் எரிந்து ஒன்றுபோல் முறிந்தால் கூண்டு வாய் திறந்த பக்கம் மண்டியிடும். ஒரு பக்கம் முந்தினால் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பனையைத் தானே போய்த் தட்டி வாங்கினான். ஏழு கட்டையும் ஒரே வயசு, ஒரே பருமன். பதினாறு நாள் வாய் வெட்டினான். ஒவ்வொரு செங்கல் வரும்போதும் தலைக்கு மேலே அந்தப் பாரம் உறுமுவது கேட்டது. அவன் தட்டிப் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. வேஸ்ட் துணி. அது எரிவதற்கு வருகிற பொருள், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

துணி கொண்டுவந்தவன் கன்னையனின் அக்கா மகன் அருள்குமார். காண்ட்ராக்டின் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவன். பஞ்சு வேஸ்ட் இப்போது நூல் மில்லுக்குப் போய்விடுவதால் கேட்ட அளவு கிடைக்கவில்லை. நாலு முட்டுக்குப் பஞ்சு வேஸ்ட் வந்தது. மீதி மூன்றுக்கு, விளையாட்டு ஜெர்சி தைக்கும் கம்பெனி சும்மாவே வாரிக் கொட்டியதை அள்ளிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முட்டுகளில் சுற்றியதும் அவன் ஆட்கள்தான். வடக்கு வாயின் மேற்கே நாலு முட்டுக்குப் பஞ்சு. கிழக்கே மூன்றுக்கு ஜெர்சி.

பத்து மணிவரைதான் கரண்டை நிறுத்தித் தருவதாகப் பேச்சு. ஒன்பதுக்குத் தீ வைக்க வேண்டும். லைன் வீட்டுச் சனத்தையெல்லாம் ரோட்டுக்கு அனுப்பியாயிற்று. ஊர் முழுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதிலுக்கு வெளியே நின்றது. டீ கொண்டுவந்த மூக்கம்மாள் முட்டுகளைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பிசிறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியைக் கண்டாலும் ஒரு நூலை உருவி நுனியில் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். பஞ்சு என்றால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகி, நுனியில் மணிபோலக் கொட்டை கட்டிக்கொள்ளும். அவள் மேற்குப் பக்கம் ஒரு நூல் எடுத்தாள். கிழக்குப் பக்கம் ஒரு நூல். கணவனின் தீப்பெட்டியை வாங்கி இரண்டையும் கொளுத்தினாள்.

"இங்கிட்டு பாருங்க. அந்தப் பக்கம் சாம்பலு. இந்தப் பக்கம் கொட்டை கட்டுது. இது பஞ்சில்ல."

விரலில் ஒட்டிய கருப்பு மணியைப் பிய்த்தபோது தோலும் கூட வந்தது. சோணைமுத்து அதைப் பார்த்தான். கிழக்கு முட்டில் சுற்றிய துணியைப் பிழிந்தான். ஊற்றிய டீசல் துணியில் நிற்கவே இல்லை. தரையில் குட்டையாகக் கிடந்தது. பஞ்சு டீசலைக் குடித்து வைத்திருந்து திரிபோல நின்று எரியும். இது உருகி வழிந்து தரையில் எரியும். கட்டைக்குத் தோல்தான் கருகும். மேற்கு முட்டுகள் முதலில் முறியும். கூண்டு மேற்கே திரும்பும். வீடுகள் மேற்கே.

கன்னையனிடம் போனான். மூன்று முட்டின் துணியையும் அவிழ்த்து, இருக்கிற பஞ்சை ஏழுக்கும் பிரித்துச் சுற்ற வேண்டும், அரைமணி நேரம் கொடுங்கள் என்றான். இவ்வளவு தூரம் அவன் அமைதியாகத்தான் பேசினான். கேட்டவர்கள் பிறகு சொன்னார்கள். கன்னையன் மணி பார்த்தான். எட்டு ஐம்பது. கரண்டுக்காரர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அந்த நேரத்தில் அருள்குமார் குறுக்கே வந்தான்.

"ஏனுங்க, பிசிறு வெட்டற அக்கா சொல்லித்தான் கூண்டு சாயோணுங்களா? மச்சானுக்குப் பாக்காத ஜோசியத்தத் துணிக்குப் பாக்கறீங்களாக்கு."

அடி எப்போது கிளம்பியது என்று சோணைமுத்துவுக்கே தெரியாது. அருள்குமாரின் தாடை ஒரு பக்கமாகத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. விழுந்தவன் வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும் வந்தன. சோணைமுத்து மேலே ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு போட்டான். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது எட்டுப்பேர் பாய்ந்து, வாய் தரையில் மோதிக் கிழிய அமுக்கினார்கள். ஒருவன் கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் முழங்காலில் போட்டான். பொறுத்துப் பார்த்த கன்னையன் குரலை உயர்த்தாமலே சொன்னான்.

"கயித்த எடுங்க. வேப்பமரத்துல கட்டிப்போடுங்க. வேல முடியட்டுமுங்க."

கட்டினார்கள். கொட்டை கட்டுது, அவிழ்த்துச் சுத்துங்கடா என்று மரத்திலிருந்து கத்தினான். ரத்தத்தோடு சேர்ந்து வார்த்தை குழறியது. கேட்டவர்களுக்கு அது சோணைமுத்துவின் வழக்கமான கத்தலாகத்தான் கேட்டது. இருபது வருஷமாக அந்த ஊர் அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. அரைமணி நேரத்தைக் கொடுக்க இருந்த கன்னையன், மருமகன் வாயில் துணியை வைத்து வண்டியில் ஏற்றிவிட்டு, தீப்பந்தத்தைத் தானே கையில் எடுத்தான்.

மூக்கம்மாள் ஆண்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. மதிலின் உடைப்பு வழியாக லைன் வீட்டுக்கு ஓடினாள். நடுவீட்டின் உள்ளே போய், தம்பியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே ஓடிவந்த மருதாளிடம், நான் உள்ளே இருக்கிறேன், தீ வைக்க வேண்டாம் என்று கன்னையனிடம் போய்ச் சொல் என்றாள். ஆள் உள்ளே இருக்கிறது என்றால் எவனும் தீ வைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. மருதாள் வந்த வழியே திரும்பி ஓடினாள். அறுபது வயசுக் கால். அவள் மதிலைத் தாண்டுவதற்குள் பந்தம் முட்டில் பட்டுவிட்டது.

மேற்கே வெள்ளைப் புகை எழுந்தது. கிழக்கே கரும்புகை. மேற்கு முட்டுகள் நாலும் பந்தம்போல நின்று எரிந்தன. கிழக்கே ஜெர்சி உருகிச் சொட்டுச் சொட்டாகத் தீயாக விழுந்தது. தரையில் எரிந்தது, கட்டை அப்படியே நின்றது. எட்டு நிமிஷம். மேற்கு ஓரத்து முட்டு துப்பாக்கி வெடித்ததுபோல முறிந்தது. மதிலுக்கு வெளியே சனம் விசிலடித்தது. கூண்டின் உச்சி ஒரு சாண் நகர்ந்தது. மேற்கே.

கன்னையன் அதைப் பார்த்தான். தீக்குக் கிட்டே விடாமல் தடுத்தவர்களைப் பிய்த்துக்கொண்டு அந்த நொடியில்தான் மருதாள் வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மூக்கா ஊட்டுக்குள்ள உக்காந்துட்டு இருக்குதுங்க சாமி."

கன்னையன் கீழே கிடந்த அரிவாளை எடுத்தான். வேப்பமரத்துக்கு ஓடிக் கயிற்றை அறுத்தான். சோணைமுத்துவுக்கும் மருதாள் சொன்னது கேட்டிருந்தது. எழுந்து நின்றான். இடது முழங்கால் மடங்கவில்லை. இந்தக் காலோடு மதில் உடைப்பில் ஏற முடியாது, மதிலைச் சுற்றிப் போனால் வீட்டுக்கு நூற்றைம்பது அடி. முட்டுக்கு முப்பது அடி. உச்சியைப் பார்த்தான். மேற்கே மீதி முட்டுகளும் முறிந்து, இன்னொரு சாண் போயிருந்தது. அடியில் செங்கல் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தத்தை எண்ணினான். வாழ்நாள் முழுக்கத் தட்டிக் கேட்ட காது அது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று அதற்குத் தெரிந்தது. வீட்டுக்கு ஓடி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் அளவுக்கு இல்லை.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு கூண்டின் வாய்க்குள் போனான்.

கிழக்கு முட்டுகளும் போனால்தான் கூண்டு வடக்கே திரும்பும். கிழக்கே மூன்று முட்டில் ஒன்று பாதி கருகியிருந்தது. அது ஒரே அடியில் போனது. இரண்டாவதற்கு நாலு அடி. மேலே இருந்து உருகிய துணி தோளில் விழுந்து சட்டையோடு ஒட்டி எரிந்தது. உதறினால் போகவில்லை, தோலைப் பிடித்துக்கொண்டு எரிந்தது. மூன்றாவது முட்டு இரும்புபோல நின்றது. தானே தட்டித் தேர்ந்தெடுத்த பனை. அடிக்கட்டையில் பக்கவாட்டாகப் போட்டான். அசையவில்லை. வலது கையில் ஒரு கட்டி நெருப்பு விழுந்து, விரல்களையும் சம்மட்டிக் காம்பையும் ஒன்றாக ஒட்டியது. விட நினைத்தாலும் விட முடியாது. ஏழாவது அடியில் முட்டு ஒரு விரல் நகர்ந்தது. எட்டாவது அடியில் பாரமே அதைத் துப்பிவிட்டது. கட்டை பறந்து வந்து அவன் மார்பில் மோதி வெளியே தள்ளியது. அதனால்தான் பிழைத்தான்.

கூண்டு ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. பிறகு வடக்கே குனிய ஆரம்பித்தது. ஏற்கெனவே மேற்கே போன இரண்டு சாணை அதனால் முழுக்கத் திரும்ப எடுக்க முடியவில்லை. வடமேற்காக, வளவின் குறுக்கே, இடுப்பில் இரண்டாக ஒடிந்து விழுந்தது. தரை எகிறியது. கண்ணுக்குள் சுண்ணாம்பு புகுந்து ஊரே குருடாகி நின்றது. புழுதி அடங்கியபோது, லைன் வீட்டு வரிசைக்கு வடக்கே தனியாக நின்ற பொதுக் கழிப்பறை இருந்த இடத்தில் செங்கல் குவியலும் கூண்டின் இரும்பு வளையமும் கிடந்தன. பதினாலு வீடும் நின்றன. நடுவீட்டு வாசலில், தலை முழுக்க வெள்ளையாக, மூக்கம்மாள் நின்றிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் சம்மட்டிக் காம்பை அறுத்துத்தான் கையிலிருந்து எடுத்தார்கள். தோளிலும் முதுகிலும் தொடைத் தோலை வெட்டி ஒட்டினார்கள். தினமும் காலையில் கட்டு அவிழ்க்கும்போது அவன் பல்லைக் கடிக்கும் சத்தம் அடுத்த கட்டிலுக்குக் கேட்கும். வலது கையின் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பழைய கத்தரித் தழும்பு இருந்த இடமே தெரியவில்லை.

பத்தாம் நாள் மருதாள் ஒரு தூக்குவாளியில் அரிசிக் கஞ்சியோடு வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"ஏழு ஓடு போச்சுங்க. ஒண்ணு போனாலும் வந்து கேக்கச் சொன்னீங்கல்ல. அதான் கேக்க வந்தேன்."

அவன் சிரித்தான். சிரித்தால் முதுகுத் தோல் இழுத்தது. அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டான். வந்து மாற்றித் தருகிறேன் என்றான்.

அருள்குமாரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பேச முடியாதவன் எழுதிக் கொடுத்தான். அவன் புகாரை வாபஸ் வாங்கவில்லை. வாங்கச் சொல்லிச் சோணைமுத்துவும் யாரையும் அனுப்பவில்லை. கன்னையன் ஸ்டேஷனில், தான் அரைமணி கொடுக்க இருந்ததையும், அடி விழுந்த பிறகு மனசு மாறியதையும் மறைக்காமல் சொன்னான். அது யாருக்குச் சாதகம் என்று எழுதிக்கொண்ட ஏட்டுக்கும் தெரியவில்லை. சோணைமுத்துவுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படித்தான் இப்போது தினமும் காலையில் சோணைமுத்து நடந்து போகிறான், இடது காலை இழுத்துக்கொண்டு. கூடவே மூக்கம்மாள், கம்பெனிக்குப் போகிற வழி. மில் வளவைத் தாண்டித்தான் இரண்டு பேரும் போக வேண்டும். கூண்டு இருந்த இடத்தில் ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். வானம் அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. டவுன் பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் இன்னும் கூண்டு என்றுதான் சொல்கிறான். பாதி பஸ் இறங்குகிறது.

ஒரு நாள் அந்த இடத்தில் அவள் நின்றாள்.

"அன்னைக்கு உள்ள உக்காந்திருந்தேன்ல. சத்தம் கேட்டப்ப, என்னயத் தூக்கிட்டுப் போக வருவீகன்னு நெனச்சேன்."

 உச்சி எத்தனை சாண் நகர்ந்திருந்தது, மதிலைச் சுற்ற எத்தனை அடி, தனக்கு அப்போது எந்தக் கால் மடங்கவில்லை என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள்.

"வந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம் புள்ள."

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சும் நெனச்சேன்."

ஸ்டேஷனில் கையெழுத்து நோட்டை விரித்து வைத்திருந்தார்கள். ஒட்டிப்போன விரல்களுக்குள் பேனா நிற்காது. இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். முதல் எழுத்து மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவள் நோட்டை நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் மெதுவாக எழுதினான்.